முதலெழுத்து

கழுத்தட்டையில் என் பெயர் இல்லை.
அப்பாவின் பெயர் இருந்தது,
அதுவும் ஆங்கிலத்தில், ஓர் எழுத்துக் குறைவாக.
தும்முல்லையில் 154ஐ விட்டு இறங்கி
தேங்கிய மழைத்தண்ணீரைத் தாண்டி நடந்து
எட்டேமுக்காலுக்குக் கையெழுத்து வைத்தவளை
மாலைவரைக்கும் மிஸ் பொன்னையா என்றார்கள்.
பொன்னையா அந்நேரம் வெள்ளவத்தைச் சந்தையில்
சூடை மீனுக்கு விலை பேசிக்கொண்டிருப்பார்.

குளிரில் விறைத்த மண்டபம்.
திரையில் முதல் வரி:
ஒருவருக்கு ஒரே தலைப்பு.
பேச்சாளர் ஹேமமாலி நல்லவர்.
சிங்களத்தில் தொடங்கி ஆங்கிலத்துக்குப் போனவர்
தமிழ்ப் பெயர்களுக்கு வந்ததும் சிரித்தார்:
'குடும்பப்பெயர் கிடையாது, சிக்கல்தான்.'
எல்லோரும் எழுதிக்கொண்டார்கள், சிக்கல் என்று.
கையை உயர்த்த நினைத்தேன்.
உயர்த்தினேன்,
தண்ணீர்ப் போத்தலை.

நிகழ்ச்சி நிரலில்
'துறைசார் தொடர்பாடல்' என்று அச்சிட்டிருந்தது
தேநீர் இடைவேளையைத்தான்.
அரை மணித்தியாலம். மீன் ரோல்ஸ்.
மாணவர்கள் வட்டமாக நின்று
ஏற்கெனவே தெரிந்தவர்களோடு பழகினார்கள்.
வங்கி நூலகத்தார் பளபளக்கும் அட்டையொன்றை நீட்டினார்.
என்னிடம் இல்லையே என்று சொல்லப்போய்
பையைத் துழாவினால்
இருந்தது, ஒரு கட்டு.

கணினி வந்தபின் நாங்கள் கழித்த
பழைய பட்டியல் அட்டைகள்.
ஐந்துக்கு மூன்று அங்குலம்,
அடியில் கம்பி நுழையும் துளை.
சாமான் கணக்கெழுத வைத்திருப்பேன்.
பின்பக்கத்தில் பெயரும் இலக்கமும் எழுதி
பதினொரு பேருக்குக் கொடுத்தேன்.
ஒரு பையன் துளையைக் கண்ணில் வைத்து
என்னைப் பார்த்தான்.
இரண்டாம் வருடமாம். இப்போதுதான்
இப்படியொன்றைத் தொடுகிறானாம்.

ஒருவரும் அழைக்கவில்லை.
வட்ஸ்அப் குழுவொன்று பிறந்து
காலை வணக்கப் பூக்களால் நிறைந்தது.

ஐந்தாம் வாரம், புதன்,
திரும்பி வந்த நூல்களை அடுக்கும் நேரம்.
'மிஸ், நான் ரிஸ்மியா, புத்தளம், ஸ்கூல் லைப்ரரி.
ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில நின்றேனே.'
சொல்லுங்கோ என்றேன்.
'உங்களைப் பற்றி இல்ல மிஸ்,
அட்டையின்ட மற்றப் பக்கம்.
அந்தப் புத்தகம் இன்னும் இருக்கா?'
வாசித்தாள்:
உப்பளத் தொழிலாளர் – புத்தளம் – கூலிப் பதிவுகள்.
கதிர்காமத்தம்பி, மு. 64 ப.
அச்சகம் அறியப்படவில்லை.

கணினியில் தேடினேன்.
பதிவுகள்: பூச்சியம்.
அட்டையைக் கழித்தவர்கள்
நூலை ஏற்ற மறந்திருக்கிறார்கள்.
கோபம் வந்தது.
அந்த வருடம் ஏற்றியது
நான்தான்.

இரண்டு நாள்.
331இல் தொடங்கி 338வரை, தட்டுத் தட்டாக.
கடைசியில் சமையல் நூல்களுக்கு நடுவே,
உப்பு என்ற சொல்லை மட்டும் நம்பி
யாரோ செருகிய இடத்தில்
முதுகுத்தாள் இல்லாமல் நின்றது.
உள்ளே பக்கம் பக்கமாகப் பெயர்கள்.
ஆள், தகப்பன், நாட்கூலி.
ஆள், தகப்பன், நாட்கூலி.
கைபேசியில் படமெடுத்து அனுப்பினேன்.
நீலக்குறி விழுந்தும் நெடுநேரம் பதிலில்லை.
பிறகு:
'பதினேழாம் பக்கம் மங்கல் மிஸ். திரும்ப எடுங்க.'

இப்போது பதிவு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.
காலி வீதியில் ஹோர்ன்கள்,
கடற்கரை ரயில் யன்னலை ஆட்டிவிட்டுப் போகிறது.
ஆசிரியர் புலம்:
கதிர்காமத்தம்பி,
காற்புள்ளி,
மு.
முருகேசுவா, முத்துவேலா,
ஊரே அறிந்து
அட்டை மட்டும் அறியாத தகப்பன்.
புள்ளிக்குப் பின்னால் கர்சர் துடிக்கிறது.

உப்பளப் பக்கம் விசாரிக்கிறேன் என்கிறாள் ரிஸ்மியா.
நானும் எழுதினேன்,
ஹேமமாலிக்கு, துளைப் பையனுக்கு,
வங்கி நூலகத்தாருக்கு:
இந்த மு. யாரென்று தெரியுமா?
அடியில் முழுதாகத் தட்டினேன்,
தமயந்தி பொன்னையா.

முதல் பதில் வங்கியிலிருந்து, நாலு நிமிடத்தில்.
'அன்புள்ள பொன்னையா,
பார்த்துச் சொல்கிறேன்.'